ஒன்பது சுண்டெலிகளின் வதிவிட விவகாரம்

“செத்திருக்க வேண்டும்! தாயின் வயிற்றிலேயே, பத்தாம் நாளே செத்திருக்க வேண்டும்!”

“அதை எலிக்கெல்லோ முதலே சொல்லியிருக்க வேணும். என்னை ஏன் பேசுறியள்?”

“ஹெர் மரியரட்ணம், இறப்புப் பட்டியலில் கையெழுத்துப் போடுங்கள்!”

“ஏலாது! கண்ணுக்கு முன்னாலை நிண்டு தீன் தின்னுற சீவனைச் செத்துப்போச்செண்டு நான் ஒப்பம் வைக்கிறதோ? பெரிய வெள்ளிக்கு இன்னும் மூண்டு கிழமைதான் கிடக்கு!”

இந்த இடத்தில், என்னோடு வேலை செய்யும் சிசிலி கூடு கழுவும் இயந்திரத்தை நிறுத்தினாள். நான் சொல்லித்தான் நிறுத்தினாள். இரைச்சலில் நல்ல வசனங்கள் வீணாகிக்கொண்டிருந்தன.

ஜெர்மனியின் பான் நகரத்தில் இருக்கும் அந்த ஆய்வு நிலையத்தின் நிலக்கீழ் மாடியில் எலிகள் ஒரு பக்கம், கூடு கழுவும் நாங்கள் மறுபக்கம். நடுவே ஒரு கண்ணாடி யன்னல். அதனருகே பதினொரு வருடம் நின்றிருக்கிறேன். ஒட்டுக் கேட்கும் பழக்கம் எனக்கு இல்லை. நான் நிற்பேன், அவ்வளவுதான். கேட்பது காதின் வேலை.

எலிகளைப் பராமரிக்கும் மரியரட்ணம் அண்ணை மன்னார்க்காரர். பேராசிரியரோடு பேசியது ஜெர்மன்தான், ஆனால் கோபம் வந்தால் அவருடைய ஜெர்மன் எங்கள் காதில் மன்னார்த் தமிழாகவே விழும். எதிரே நின்று மேசையில் குத்தியவர் பேராசிரியர் குரூசமார்க். இருவருக்கும் நடுவில் கையில் ஒரு தாளுடன், அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தவள் போல நின்றவள் நிருபமா. ஈரோட்டுப் பிள்ளை, கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்பவள். முப்பது வயதாகியும் கலியாணமாகவில்லை. ஏன் பிள்ளை என்று ஒருநாள் கேட்டேன். “தீசிஸ் முடியட்டும் அக்கா” என்றாள். நான் தீசிஸைப் பற்றிக் கேட்கவேயில்லை.

சண்டைக்குக் காரணம் கிளெற்றின் என்ற மரபணு. உடம்பின் கலங்களை, நிருபமா செல் என்பாள், ஒன்றோடொன்று ஒட்டிவைக்கும் பசையைச் செய்வது அதன் வேலையாம். அந்தப் பசை இல்லாவிட்டால் எலிக்குஞ்சு வயிற்றுக்குள்ளேயே பிட்டு மாதிரி உதிர்ந்துவிடும் என்பது பேராசிரியரின் கொள்கை. பத்தொன்பது வருடமாக அதையே சொல்லி இரண்டு பரிசு வாங்கியிருந்தார். முகப்பு மண்டபத்தில் கண்ணாடியால் செய்த பெரிய எலிக்கரு ஒன்று உண்டு. அதன் கீழே பித்தளைத் தகட்டில் “கிளெற்றின் இன்றி உயிரில்லை” என்று பொறித்திருக்கும். திங்கட்கிழமைகளில் அதைத் துடைப்பதும் நான்தான்.

இதை நிரூபிக்க நிருபமாவைக் கூப்பிட்டார்கள். அவள் தாய் தகப்பன் எலிகளில் அந்த மரபணுவின் ஒரு பாதியை எடுத்துவிட்டாள். நாலு குஞ்சில் ஒன்றுக்கு அது முழுதாகவே இல்லாமல் வருமாம். முப்பத்தாறு குஞ்சு பிறந்தன. வாலில் சிறுதுண்டு எடுத்துப் பார்த்தால், அவற்றில் ஒன்பதில் கிளெற்றின் மருந்துக்கும் இல்லை. மூன்று தடவை பார்த்தாள், அப்போதும் இல்லை. ஒன்பதும் கொழுகொழுவென்று, ஒன்றன் முதுகில் ஒன்று ஏறித் தூங்கிக்கொண்டிருந்தன.

வேறு இடமென்றால் சர்க்கரைப் பொங்கல் வைத்திருப்பார்கள். இங்கே அது குற்றம். அன்ராக் என்று சொல்லும் விண்ணப்பத்தில் நாற்பத்திரண்டு பக்கம். அதில் பதினேழாம் பக்கத்தில், இந்த எலிகள் பத்தாம் நாள் இறக்கும் என்று எழுதி, முத்திரை குத்தி, பேராசிரியரும் கையெழுத்திட்டிருந்தார்.

“அறிவியலில் மாற்றுக் கருத்தை நான் எப்போதும் வரவேற்கிறேன்,” என்று பேராசிரியர் குரலைத் தாழ்த்தினார். “ஆனால் அது எழுத்துமூலம், படிப்படியாக, உரிய வழியில் வர வேண்டும். ஒரு சுண்டெலி திடீரென்று பிறந்து வந்து என்னை மறுக்க முடியாது.”

நிருபமா மெதுவாகக் கேட்டாள், “சார், அப்போ என் தீசிஸ்?”

அதுதான் விஷயம். அவளுடைய ஒப்பந்தம் ஒக்டோபர் முப்பத்தோராம் திகதியோடு முடிகிறது. வதிவிட அனுமதியை அந்த ஒப்பந்தத்தோடு ஊசி குத்தி வைத்திருக்கிறார்கள். அதற்குள் முடிவு காட்டாவிட்டால் ஐந்து வருட உழைப்பையும் பெட்டியில் போட்டுக்கொண்டு ஈரோட்டுக்கு விமானம் ஏற வேண்டும்.

“எலிகள் இறந்தால் தீசிஸ் உண்டு,” என்றார் பேராசிரியர். “ஒழுங்கைப் பின்பற்றாத எலிகளுக்கு நான் பட்டம் கொடுப்பதில்லை.”

விவகாரம், விலங்குப் பரிசோதனைகளுக்கு அனுமதி கொடுக்கும் ஆணைக்குழுவுக்குப் போனது.

ஆணைக்குழு என்றால் நீண்ட மேசை, பதினொரு பேர், ஆளுக்கொரு பெயர்ப்பலகை, வாயு உள்ள தண்ணீர், வாயு இல்லாத தண்ணீர். முந்தைய வருடம் இவர்கள் செய்த காரியத்தைச் சொன்னால்தான் இவர்களின் தரம் விளங்கும். எலிக்கருவின் வயதை எண்ண ஒரு முறை உண்டு. எலிகள் நள்ளிரவில் சேர்ந்ததாக வைத்துக்கொண்டு, மறுநாள் நண்பகலில் கருவுக்கு அரை நாள் வயது என்று எழுதுவார்கள். எந்த எலியும் நள்ளிரவு மணியடிக்கக் காத்திருந்ததை மரியரட்ணம் அண்ணை கண்டதில்லை. அது வேறு கதை. மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியபோது, கருக்களுக்கு ஒரு மணித்தியால வயது கூடியதா என்று இவர்கள் மூன்று மணித்தியாலம் பேசினார்கள். கூடவில்லை, ஆனால் ஒக்டோபரில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று தீர்மானமாகியது.

கூடுகளை மேலே கொண்டுபோக இரண்டு கை உதவி வேண்டும் என்று அண்ணை கேட்டார். நான்கு கை வேண்டும் என்று திருத்தி, சிசிலியையும் கூட்டிக்கொண்டு நானும் போனேன். இல்லாவிட்டால் நடந்ததை உங்களுக்கு யார் சொல்வது?

தலைவி டொக்டர் லீப்ஹோல்ட் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கூடுகளைப் பார்த்தார்.

“இவை உயிரோடு இருப்பது தனிப்பட்ட முறையில் எனக்கு மகிழ்ச்சி,” என்றார். “அலுவலக முறையில் நான் அதைக் கவனிக்கவில்லை. இவற்றைக் கொல்லலாமா? கூடாது. அனுமதி கருவுக்குத்தான், பிறந்த எலிக்கு இல்லை. வைத்திருக்கலாமா? கூடாது. பிறந்த எலி அன்ராக்கில் இல்லை. ஆகவே இவை வாழவும் கூடாது, சாகவும் கூடாது. இதற்கிடையில் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.”

பதினொரு பேரும் தண்ணீர் குடித்தார்கள். பின்வரிசையில் கூட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற மரியரட்ணம் அண்ணை கையை உயர்த்தினார்.

“இருக்குது. துல்டுங்.”

அகதி விண்ணப்பம் மறுக்கப்பட்டவர்களுக்குக் கொடுக்கும் அந்தச் சகிப்புக் கடதாசியில் பத்து வருடம் இருந்த மனிதர் அவர். தங்குவதற்கு அனுமதி என்று அதில் ஒருபோதும் எழுதமாட்டார்கள். போகத்தான் வேண்டும், ஆனால் இப்போதைக்கு அனுப்பவில்லை என்று மட்டும் எழுதியிருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரிசையில் நின்று நீடிக்க வேண்டும். மாவட்டத்தைத் தாண்டக் கூடாது. மச்சாளின் கலியாணத்துக்கென்று கோட் சூட்டோடு கொலோனுக்குப் போனவரைப் பொலிஸ் வழியில் மறித்துத் திருப்பி அனுப்பியது. அன்று சாப்பிடாமல் விட்ட கலியாணச் சாப்பாட்டைப் பற்றி இன்றைக்கும் பேசுவார்.

அவர் பகிடி விடுகிறார் என்றுதான் நான் நினைத்தேன். இல்லை. மறுநாள் தன் பழைய கடதாசியின் பிரதியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்து தலைவியிடம் கொடுத்தார். கட்டமெல்லாம் ஏற்கெனவே அச்சடித்த ஒரு படிவத்தைக் கண்டதும் டொக்டர் லீப்ஹோல்டின் முகத்தில் வந்த நிம்மதியை அவர் தன் பேரப்பிள்ளையின் படத்தைப் பார்க்கும்போதுகூட நான் கண்டதில்லை.

படிவத்தை நிரப்பினார்கள். குடும்பப் பெயர், இல்லை. முகவரி, அறை மூன்று, கூடு 212, 213. கையொப்பம், அடையாளத்துக்குக் காதில் இட்ட துளை. படத்தில் ஒரு காது தெளிவாகத் தெரிய வேண்டும் என்று விதி. எங்களுக்கு அந்தக் காலத்தில் தலைமயிரை ஒதுக்கி ஒதுக்கி உயிர் போனது. எலிக்கு அதில் சிரமமிருக்கவில்லை. இறுதியில் ஒன்பது எலிகளும் மூன்று மாதத்துக்குச் சகித்துக்கொள்ளப்பட்டன, அறை மூன்றைத் தாண்டக் கூடாது என்ற நிபந்தனையோடு.

நிருபமா அண்ணையின் கையைப் பிடித்துக்கொண்டாள். “தேங்க்ஸ் அண்ணா. இனி நான் எக்ஸ்பெரிமென்ட் ஆரம்பிக்கலாம்ல?”

அண்ணையின் முகம் கறுத்தது. “பிள்ளை, இரண்டாம் பக்கத்தைப் பார்க்கேல்லையோ? முதல் வருசம் வேலை செய்ய ஏலாது.”

உண்மைதான். படிவம் அப்படி, ஆகவே ஆணைக்குழுவும் அப்படி. சகித்துக்கொள்ளப்பட்ட எலி ஒரு வருடம் எந்த ஆய்விலும் வேலை செய்யக் கூடாது.

ஈரோட்டுப் பிள்ளை லேசுப்பட்டவள் இல்லை. சுண்டெலியின் ஆயுள் இரண்டு வருடம், மனிதருக்கு எழுபது எண்பது, ஆகவே எலிக்கு ஒரு வருடம் என்பது பத்து நாள் என்று கணக்குப் போட்டு மனுக் கொடுத்தாள். கணக்கில் பிழையில்லை என்று ஆணைக்குழு ஏற்றுக்கொண்டது. பத்து நாளில் வேலைத் தடை நீங்கியது. அதே கணக்கின்படி, மூன்று மாதம் என்பது இரண்டரை நாள் என்றும் தீர்மானமானது. ஆகவே செவ்வாயும் வெள்ளியும் துல்டுங் நீடிப்பு. எலிகள் நேரில் தோன்ற வேண்டும். அறையைத் தாண்டுவதற்குத் தலைவியிடமிருந்து தனி அனுமதி எடுத்து, கூடுகளைத் தள்ளுவண்டியில் வைத்து, அண்ணை மின்தூக்கியில் மேலே போவார். வரிசையில் இலக்கத் துண்டு எடுப்பார். வரிசையில் வேறு ஒருவரும் இல்லை. இருந்தாலும் எடுப்பார்.

“ஏன் அண்ணை உந்த வேலை?” என்று கேட்டேன்.

“துண்டு எடுக்காமல் போனால் கூப்பிட மாட்டினம் தங்கச்சி. எனக்குத் தெரியும்.”

இனியாவது வேலை தொடங்கலாமென்றால், முன்னுரிமைப் பரிசோதனை வந்தது. சகிக்கப்பட்டவருக்கு ஒரு வேலையைக் கொடுக்க முன்னர், அதே வேலையைச் செய்ய உரிமையுள்ள வேறு யாரும் இல்லையா என்று பார்க்க வேண்டும். நாட்டிலுள்ள எல்லா ஆய்வகங்களுக்கும் சுற்றறிக்கை போனது. “கிளெற்றின் இல்லாமல் வாழும், முறையான அனுமதியுள்ள எலி தங்களிடம் உண்டா?” நான்கு கிழமை காத்திருந்தார்கள். மியூனிக்கிலிருந்து மட்டும் பதில் வந்தது. அப்படி ஒரு எலி இருக்கவே முடியாது என்று பேராசிரியர் குரூசமார்க் எழுதிய கட்டுரையின் பிரதியை அனுப்பியிருந்தார்கள்.

அந்த நான்கு கிழமையும் நிருபமா செய்ய வேலையில்லாமல் கழுவும் அறையில் வந்து உட்கார்ந்தாள். அங்கே எங்கள் இன்னொரு கதை ஓடிக்கொண்டிருந்தது. எங்களோடு வேலை செய்யும் லக்ஸன் ஆறு கிழமையாக வரவில்லை. கொலோனில் ஒரு பீட்சாக் கடையில் அடுப்படியில் நின்றான். அவனுடைய பங்குக் கூடுகளையும் சிசிலிதான் கழுவினாள். ஏன் என்று நான் கேட்டேன். “பாவம் அக்கா” என்றாள். எனக்கும் இடுப்பு வலி, என்னைப் பாவம் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. அத்தோடு விட்டேன், ஆனால் மறக்கவில்லை.

ஒருநாள் லக்ஸன் வேலைக்குத் திரும்பி வந்தான். மேலே அலுவலகத்தில் அவனைக் கண்டவர்கள் “காலை வணக்கம், ஹெர் லக்ஸன்” என்றார்களாம், நேற்றும் கண்டது போல. நிருபமாவுக்கு ஆச்சரியம்.

“ஆறு வாரமா லீவு. ஒருத்தருக்கும் தெரியலையா அக்கா?”

“கூடு பளபளவெண்டு வந்தால் லக்ஸன் வேலைக்கு வந்திட்டான் எண்டு அவையின்ர கணக்கு,” என்றேன். “சிசிலியும் வராமல் விட்டிருந்தால்தான் நாறியிருக்கும்.”

கையிலிருந்த பாண் துண்டை நிருபமா கீழே வைத்தாள்.

“திரும்பச் சொல்லுங்க.”

“சிசிலியும் வராட்டி நாறும்.”

“அப்போ லக்ஸன் வேலை முக்கியமில்லைன்னு அர்த்தமில்ல. இன்னொருத்தர் சேத்துச் செஞ்சிட்டாங்க.” அவள் எழுந்து நின்றுவிட்டாள். “யாருகிட்டயும் சொல்லாம.”

“சொன்னால் செய்யவே விட மாட்டினம்,” என்றாள் சிசிலி, முதல் தடவையாக வாயைத் திறந்து.

பிள்ளை படியில் ஓடும் சத்தம் கேட்டது. பாணை நான்தான் சாப்பிட்டேன்.

கிளெற்றினைப் போலவே இன்னொரு மரபணு இருந்ததாம். அதற்கு ஒருவரும் பெயர்கூட வைக்கவில்லை, எங்களைப் போல ஓர் இலக்கம்தான். கிளெற்றின் வராத இடத்தில் அந்த இலக்கம் சத்தமில்லாமல் பசையைச் செய்துகொண்டிருக்கிறதோ என்பது நிருபமாவின் சந்தேகம். இரண்டையும் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். அந்த இலக்கம் இல்லாத எலிகள் லைப்சிக்கில் இருந்தன. அங்கிருந்து ஓர் ஆண் எலியை அழைத்து, எங்கள் பெண் எலி ஒன்றுக்குச் சோடி சேர்க்க வேண்டும். சுருக்கமாகச் சொன்னால் கலியாணம்.

ஆணைக்குழு நிமிர்ந்து உட்கார்ந்தது. டொக்டர் லீப்ஹோல்ட் படிவத்தின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“சகித்துக்கொள்ளப்பட்ட ஒருவர், முறையான அனுமதியுள்ள ஒருவரை மணக்கிறார். இது கடதாசிக்காகச் செய்யும் கலியாணம் அல்ல என்பதை நாம் உறுதிப்படுத்த வேண்டும். நான் யாரையும் சந்தேகிப்பவள் அல்ல. விதி சந்தேகிக்கிறது, நான் அதற்கு உதவுகிறேன்.”

இரு எலிகளையும் வெவ்வேறு அறையில் வைத்து விசாரித்தார்கள். விசாரித்தார்கள் என்றால், கேள்வியை வாசித்து, பத்து நிமிடம் காத்திருந்து, “பதிலளிக்கவில்லை” என்று எழுதினார்கள். துணையின் விருப்பமான உணவு எது என்ற கேள்விக்கு மட்டும் மரியரட்ணம் அண்ணை குறுக்கிட்டு, “இரண்டும் ஒரே தீன்தான் தின்னுது, வேற குடுக்கேல்லை” என்றார். அது தம்பதியருக்குச் சாதகமாகப் பதியப்பட்டது.

அதன் பிறகும் ஆணைக்குழுவுக்குத் தெளிவில்லை. அண்ணைக்குத் தெரிந்த வழி ஒன்று இருந்தது. எலிகள் இரவில் சேர்ந்தால், காலையில் பெண் எலியிடம் ஒரு சிறு வெள்ளை அடைப்புத் தெரியும். எலி மனையில் தினமும் காலை ஏழு மணிக்கு அதைப் பார்ப்பது அவருடைய வேலை. ஒரு வியாழன் காலை ஆணைக்குழுவின் பதினொரு பேரும் வெள்ளை அங்கியும் தொப்பியும் அணிந்து, கையுறை மாட்டி, கூடு 212இன் முன்னே வரிசையாக நின்றார்கள். அண்ணை எலியை வாலில் பிடித்து உயர்த்திக் காட்டினார்.

“கண்டனீங்களோ?”

பதினொரு பேரும் கண்டார்கள். சிலர் கண்ணாடி போட்டுக் கண்டார்கள். கலியாணம் உண்மையானது, நள்ளிரவில் நடந்தது என்று பதிந்து முத்திரை குத்தினார்கள். எனக்கு இருபத்துநான்கு வருடத்துக்கு முன்னர் கலியாணமானது. சாட்சிக்கு இரண்டு பேர் போதுமாக இருந்தது.

அது மே மாதக் கடைசி. ஜூனில் பிள்ளைகள் பிறந்தன, ஓகஸ்டில் பிள்ளைகளுக்குச் சோடி சேர்த்தாள். பேரப்பிள்ளைகளில் பதினாறுக்கு ஒன்றில்தான் இரண்டு மரபணுவும் இல்லாமல் வரும். நிருபமா சாப்பிட மறந்து, தலை வார மறந்து, நாள் எண்ணினாள். ஒக்டோபர் நெருங்க நெருங்க, அவளுடைய அறைத் தோழி விமானச் சீட்டு விலை விசாரித்துவிட்டாள் என்று எனக்குத் தகவல் வந்தது. செப்டம்பர் நடுவில் ஒரு மதியம் படியில் மறுபடி அந்த ஓட்டச் சத்தம்.

“அக்கா! உதிர்ந்திடுச்சு! பத்தாம் நாள், கரெக்டா! மூணு எம்ப்ரியோ, மூணும்! ரெண்டு ஜீனும் இல்லன்னாதான்!”

அவள் அழுதாள், சிரித்தாள். சிசிலியைக் கட்டிப்பிடித்து “நீங்கதான் அந்த ஜீன்” என்றாள். சிசிலி ஈரக் கையோடு நின்றாள். மரியரட்ணம் அண்ணை மட்டும் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு, “உதிர்ந்ததுகளுக்கு ஒரு பரமண்டல மந்திரமாவது சொல்லுவம்” என்றார். சொன்னோம்.

முகப்பு மண்டபத்தில் விழா எடுத்தார்கள். டொக்டர் லீப்ஹோல்ட் பேசினார்: “பத்தாம் நாளில் இறக்கும் என்று எழுதினோம், பத்தாம் நாளில் இறந்தன. இவைதான் ஒழுங்கான எலிகள். இப்படியானவற்றோடு வேலை செய்வது எங்களுக்கு மகிழ்ச்சி.”

பேராசிரியர் குரூசமார்க் கண்ணாடிக் கருவின் பக்கத்தில் நின்று பேசினார்: “நான் பத்தொன்பது வருடமாகச் சொன்னதைத்தான் இந்த இளம் பெண் இன்று கண்டுபிடித்திருக்கிறார். எனக்குத் தெரியாதது எதுவும் இதில் இல்லை. தெரிந்ததை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை, அவ்வளவே.” பிறகு ஷாம்பெயின். பித்தளைத் தகட்டின் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரி சேர்த்தார்கள்: “உடன் வேறொருவரும் இல்லாவிடின்.” துடைக்க இன்னும் ஒரு வரி கூடியதுதான் எனக்குக் கிடைத்த பங்கு.

ஒப்பந்தத்தை ஆறு மாதம் நீடித்தார்கள். நிருபமா மாசியில் பட்டம் வாங்கினாள். அதற்கடுத்த ஆவணியில் டார்ம்ஸ்டாட்டில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்யும் பிரதாப் என்ற பையனைக் கட்டிக்கொண்டு அங்கே போய்விட்டாள். நல்ல பையன், கொஞ்சம் சத்தமாகச் சாப்பிடுவான். கொலோனில் நடந்த வரவேற்பு விருந்துக்கு மரியரட்ணம் அண்ணை கோட் சூட்டோடு வந்தார். வழியில் யாரும் மறிக்கவில்லை. மூன்று தரம் சாப்பிட்டார்.

நான் மறக்கவில்லை என்று சொன்னேனே, அந்தப் பாவமும் கலியாணத்தில்தான் முடிந்தது. சிசிலியும் லக்ஸனும் பங்குக் கோயிலில் தாலி கட்டி, அடுத்த மாதமே ரொறன்ரோவுக்குப் போனார்கள். இரண்டு இடமும் வெற்றிடம். ஆள் எடுக்கச் சொல்லி அன்ராக் கொடுத்தேன். கூடுகள் சுத்தமாகவே வருவதால் தேவை நிரூபிக்கப்படவில்லை என்று பதில் வந்தது. இப்போது மூன்று பேரின் கூட்டையும் நான் ஒருத்திதான் கழுவுகிறேன்.

ஒன்பது எலிகளில் எட்டு வயதுபோய், விண்ணப்பத்தில் சொல்லாத சாதாரணச் சாவாகச் செத்தன. கடைசி ஒன்று இன்னும் இருக்கிறது, முதுகில் மயிர் கொட்டி, ஒரு கண் மங்கி. மரியரட்ணம் அண்ணைக்குக் கனடாவில் தமக்கை, நோர்வேயில் தம்பி. வந்து இருந்துவிட்டுப் போ என்று எல்லாரும் கூப்பிடுகிறார்கள். கையில் ஜெர்மன் கடவுச்சீட்டு, எந்த மாவட்டத்தையும் தாண்டலாம். ஆனால் செவ்வாயும் வெள்ளியும் நீடிப்பு இருக்கிறது. அவர் போய்விட்டால் எலிக்கு இலக்கத் துண்டு யார் எடுப்பது?